சுவரிலுள்ள மூன்று துளைகள்

"தடை" என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் சுருங்குகிறது. தடையற்ற வாழ்வே சுதந்திரம் என எண்ணப் பழகிவிட்டோம். இது சரிதானா? விடை தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. வீட்டுச் சுவரிலுள்ள மின்குதையைப் பாருங்கள்.

கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பல வீடுகளில் இருப்பது நீள்சதுரத் துளைகள் மூன்று கொண்ட 13 அம்பியர் குதை. 1947இல் பிரித்தானியாவில் தரமாக வகுக்கப்பட்ட அமைப்பு அது. கீழுள்ள இரு துளைகளையும் உள்ளே சிறு கதவுகள் மூடியிருக்கின்றன. பிளக்கின் மூன்று ஊசிகளுள் மேலேயுள்ள புவி ஊசியே நீளமானது. வழக்கமாக அதுவே முதலில் நுழைந்து கதவுகளைத் திறக்கிறது. கழற்றும்போது கடைசியாக விலகுகிறது. ஆபத்து வருமுன்னே பாதுகாப்பு வந்து நிற்கிறது. தவழும் குழந்தை கீழ்த் துளையில் கம்பியை நுழைக்க முயன்றாலும் கதவு தடுக்கிறது. தான் என்றுமே காணாத குழந்தைக்காக எவரோ எண்ணிச் செய்த ஏற்பாடு அது!

நாம் என்ன செய்கிறோம்? கைத்தொலைபேசியின் இரண்டு ஊசிச் சார்ஜர் நுழையாவிட்டால், பேனை மூடியாலோ குச்சியாலோ மேல் துளையைக் குத்திக் கதவைத் திறந்துவிடுகிறோம். ஒரு நிமிட வேலைதான். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, கதவைத் திறக்கும் வழியைப் படித்துக்கொள்கிறது. நாளை அதன் கையில் இருப்பது இரும்புக் கம்பியாகவும் இருக்கலாம்.

பிழை முழுவதும் வீட்டாருடையதன்று. பொருந்தாத பிளக்குடன் பொருளை விற்பவருக்கும் பொறுப்புண்டு. எல்லாத் தடையும் நல்லதுமன்று. சக்கர நாற்காலியில் வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடும் படிக்கட்டும் தடைதான். ஆகவே, "இது என்னைத் தடுக்கிறதா?" என்று கேட்பது போதாது. "இது யாரைக் காக்கிறது? யாரை வெளியே தள்ளுகிறது?" என்று கேட்கவேண்டும்.

புது வீடு கட்டுகிறவன், எவரும் தவறி விழாதபடி கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என இணைச்சட்டம் (22:8) பணிக்கிறது. எழுப்பாவிட்டால் இரத்தப்பழி அவ்வீட்டின் மேல். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் தருமமே என நம் முஸ்லிம் அயலவர் போற்றுகின்றனர். நம் வீடும் வீதியும் நமக்கு மட்டும் உரியவை அல்ல என்பதையே இரண்டும் உணர்த்துகின்றன.

பொருத்தமான, தரமான பிளக் ஒன்றின் விலை பெரிதன்று. இவ்வாரமே வாங்கி மாட்டுங்கள். அந்தக் குச்சியை அடுப்பில் போடுங்கள்.