சாவடிப் பொறுப்பாளரும் நாமும்

நல்ல சமாரியர் உவமையைக் கேட்கும்போதெல்லாம் நம் கண்கள் நால்வர்மீதே நிலைத்துவிடுகின்றன: அடிபட்டுக் கிடந்தவர், விலகிச் சென்ற குரு, விலகிச் சென்ற லேவியர், மனமிரங்கிய சமாரியர். இவர்களோடு ஐந்தாமவர் ஒருவரும் உண்டு. அவர்தாம் சாவடிப் பொறுப்பாளர். முன்பின் அறியாத, காயமுற்ற ஒருவரை அவர் ஏற்றுக்கொண்டார். கையில் கிடைத்தவை இரண்டு தெனாரியங்கள். மேற்கொண்டு ஆகும் செலவுக்குக் கிடைத்தது ஒரு வாக்குறுதி மட்டுமே. “இந்த ஏற்பாடு இங்குச் செல்லாது” என்று அவர் கதவைச் சாத்தியிருந்தால், சமாரியரின் இரக்கம் வாசற்படியிலேயே நின்றுபோயிருக்கும் அல்லவா?

இக்கேள்வி இன்று நம் மாவட்டத்து ஏழைகளின் கேள்வியாக இருக்கிறது.

ஏழைகளின் உயிர்காக்கும் சிகிச்சைக்கென 2009ஆம் ஆண்டு தமிழகத்தில் அரசுக் காப்பீடு தொடங்கிற்று. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மலர்ந்தது. 2018இல் நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு மிகாத குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ரூ.5 இலட்சம் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. இதை நாம் தருமமாக எண்ணலாகாது. உலக அமைதி குறித்து 1963இல் எழுதிய சுற்றுமடலில், திருத்தந்தை 23ஆம் யோவான் மருத்துவ உதவி பெறுதலை மனித உரிமைகளுள் ஒன்றாகவே வைத்தார்.

ஆனால் உரிமை என்பது என்ன? தாளில் எழுதப்பட்டிருப்பதா, கையில் கிட்டுவதா?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரில் வாழும் தாய் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பல வாரங்களாக உடல் சோர்கிறது. இடப்பக்க வயிறு கனக்கிறது. இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் அளவு மீறிப் பெருகியிருப்பது தெரிகிறது. “இரத்தப் புற்றுநோய் மருத்துவரைக் காண்க” என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். அவர் எங்கே இருக்கிறார்? காப்பீட்டு அட்டையை ஏற்பாரா? இதற்கு விடை அந்தச் சீட்டில் இல்லை. ஒரு மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருப்பதாலேயே அதன் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனியே ஒப்புதல் வேண்டும். எலும்பு முறிவுக்கு அட்டையை ஏற்கும் இடம் இரத்தப் புற்றுக்கு ஏற்காமற் போகலாம். சிகிச்சைக்கு முன்னரே அனுமதியும் பெறவேண்டும். பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் உடன் செல்பவரின் சாப்பாடும் அட்டைக்குள் அடங்குவதில்லை. புற்றுநோயாளிக்கு இரயிலில் சலுகை உண்டு. மலைக்கு இரயில் இல்லை.

நம் பகுதி முன்னேறவே இல்லை எனக் கூறுவது நன்றியன்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும், 2024 ஜூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது, பாதிக்கப்பட்டோரைச் சேலத்திற்கும் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் கொண்டு செல்ல வேண்டியிருந்ததை நாம் மறக்கவில்லை. அதன்பின் கல்வராயன் மலைமக்களின் வாழ்வு நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

மருந்தின் விலையே தடை என்று கூறும் காலமும் ஓரளவு கடந்துவிட்டது. நாட்பட்ட இரத்தப் புற்று வகை ஒன்றிற்கு இமாட்டினிப் என்னும் மாத்திரை மருந்தாகிறது. அதன் ஒரு வடிவத்திற்குக் காப்புரிமை கேட்ட வழக்கு சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2013 ஏப்ரல் 1 அன்று அக்கோரிக்கை தள்ளுபடியாயிற்று. இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் அதைத் தொடர்ந்து செய்ய வழி நிலைத்தது. ஆயின் நோயை உறுதி செய்து, மாத்திரையைத் தொடங்கி, காலந்தோறும் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு மருத்துவர் வேண்டுமே! மருந்து மலிந்தும் மருத்துவர் எட்டாவிடில், அத்தாய்க்கு அந்தத் தீர்ப்பினால் என்ன பயன்?

மருத்துவரின் பக்கத்தையும் நாம் நேர்மையோடு கேட்கவேண்டும். “திட்டத்தில் தரும் தொகை போதவில்லை, அதுவும் காலம் தாழ்த்தி வருகிறது” என்பது தனியார் மருத்துவமனைகள் பலவற்றின் முறையீடு. சமாரியர் கூடுதற் செலவையும் தாமே தருவதாகச் சொல்லிச் சென்றார். வாக்குறுதி தந்தவர் காலம் தாழ்த்தினால், பழி முழுவதையும் சாவடிப் பொறுப்பாளர்மீது சுமத்துவது நீதியாகாது. ஆனாலும் அவருக்கென ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. எல்லாரையும் ஏற்க அவரால் இயலாமற் போகலாம். ஏற்காதபோது, எந்தக் கதவு திறக்கும் என்று சொல்லாமல் அனுப்ப அவருக்கு உரிமையில்லை. “இங்கு இயலாது, இன்ன ஊரில், இன்ன பிரிவில் இயலும், இதோ என் கடிதம்” என்னும் மூன்று சொற்றொடர்களுக்குப் பணம் தேவையில்லை. நோயாளிக்கோ அவை ஒரு மாத அலைச்சலை மிச்சமாக்கும். புற்றுநோய்க்கு ஒரு மாதம் நீண்ட காலம்.

சாவடியே இல்லாத இடத்தில் சாவடி கட்டியவர்களும் நம் நாட்டில் உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். 2021இல் மறைந்த மருத்துவர் சாந்தா தம் வாழ்நாளையே அங்குச் செலவிட்டார். ஏழை என்பதால் ஒருவர் திரும்பிச் செல்லலாகாது என்பதே அவ்வில்லத்தின் அடித்தளம்.

உவமையில் நாம் எளிதில் கடந்துவிடும் இன்னொன்றும் உண்டு. காயமுற்றவரைச் சாவடிக்குச் சுமந்து சென்றது சமாரியரின் விலங்கு. நாணயத்தை அரசு தரலாம்; சாவடியை மருத்துவர் திறக்கலாம்; சுமந்து செல்வது யார்? அது பங்கு மக்களாகிய நம் பணி என்றே நாம் துணிகிறோம். 104 என்னும் எண்ணிலும், காப்பீட்டுத் திட்டத்தின் 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் கேட்டு, எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவு அட்டையை ஏற்கிறது என்று எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வருமானச் சான்று பெறவும் அட்டை எடுக்கவும் எழுத்தறியாதோருக்குத் துணை நிற்கலாம். நம் இளைஞர்கள் குருதிக்கொடை அளிக்கலாம். புதுச்சேரிக்கோ சென்னைக்கோ செல்லும் குடும்பத்தோடு ஒருவர் உடன் செல்லலாம். மதம் கேட்டுச் செய்யும் பணியன்று இது. அடிபட்டவரின் மதத்தைச் சமாரியர் கேட்கவில்லை.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், ஒரு தாளும் பேனாவுமாக நால்வர் அமர்ந்தால் போதும். இப்பணியைத் தொடங்கிவிடலாம்.