கழுகு போட்ட பாட்டில்

போன வைகாசியில் செஞ்சியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். அங்கே காதில் விழுந்த ஒரு வாக்கியம் இன்றுவரை என்னை விடவில்லை.

பந்தல் வாசலில் செண்டை மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் மூன்று பெரியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கிளாரினெட் மாஸ்டர், ஒருவர் சைடு டிரம், இன்னொருவர் பெரிய டிரம். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியுமாக நடந்து வாசித்தவர்கள். அதே செட்டில் டிரம்பெட் ஊதியவர் இப்போது இல்லை. விசேஷம் அவர் வீட்டில்தான், சடங்கு அவருடைய பேத்திக்குத்தான்.

பேச்சு பீருக்குப் போனது. பாண்டிச்சேரி முகூர்த்தங்களுக்கு வாசிக்கப் போய், ஊர்வலம் முடிந்து கூலி கைக்கு வந்ததும் குடித்த பீர். எந்தக் கடை, யார் காசு, எவ்வளவு ஜில்லென்று இருந்தது என்று ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டார். டிரம்பெட்காரர் பாட்டிலை உடனே திறக்க மாட்டாராம். மணிக்கணக்கில் ஊதிய உதடு வீங்கிப்போய்க் கிடக்கும். பாட்டிலின் குளிர்ந்த கழுத்தை முதலில் அந்த உதட்டில் வைத்து ஒத்திக்கொண்டே இருப்பாராம். "கல்யாணி பீரு. அத அப்பிடியே வச்சிக்கினு குந்தியிருப்பான்" என்றார் பெரிய டிரம்.

டீ கொண்டுவந்த சின்னம்மா அப்போதுதான் சொன்னார்: "கல்யாணி இல்லண்ணே. கழுகு போட்ட பாட்டிலு."

டிரம்பெட்காரரின் மனைவி அவர். மூவரும் சற்று யோசித்தார்கள். மாஸ்டர்தான் "ஆமா, கோல்டன் ஈகிள்!" என்று தொடையில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. காலி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவருடைய கணவர் நாற்பதைத் தாண்டவில்லை. கண் மஞ்சளாகி, வயிறு பெருத்து, படுத்த படுக்கையாகிப் போனவர். குடிதான் காரணம் என்பது தெருவுக்கே தெரியும். பீர் அல்ல, பின்னால் வந்த சாராயமும் பிராந்தியும். ஆனாலும் எல்லாம் அங்கிருந்து தொடங்கியதுதானே என்று அந்த வீட்டில் ஒருவர் சொன்னால் மறுப்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அப்படி அவரை இழந்த சின்னம்மா அந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை, எழுந்து போகவில்லை. பிழையைத் திருத்தினார். ஏன்?

முதலில் எனக்கு வந்த கேள்வி இதைவிடச் சின்னது: கழுகு என்று அவருக்கு எப்படித் தெரியும்? சின்னம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்ல. பாட்டிலின் பெயரைப் படித்திருக்க முடியாது. படத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். அப்படியானால் அந்தப் பாட்டில் ஒரு நாளாவது அவர் கண்ணெதிரே, பகல் வெளிச்சத்தில், அவர் வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

அது எளிதில் நடக்கிற காரியம் அல்ல. தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971இல் விலக்கப்பட்டு, 1974க்குள் திரும்ப வந்து, 1981இல் மறுபடி கடைகள் திறந்தன. இவர்கள் பேசியது கடைகள் மூடியிருந்த அந்த இடைப்பட்ட வருடங்களைப் பற்றி. செஞ்சியில் இல்லாத பீர், திண்டிவனம் தாண்டி கோரிமேட்டில் நுழைந்தால் தாராளமாகக் கிடைத்தது. திரும்பும்போது பெரிய டிரம்மின் ஒரு பக்கத் தோலைக் கழற்றி, உள்ளே வைக்கோல் வைத்துப் பாட்டில்களைப் படுக்கவைத்து, தோலை மறுபடி இழுத்துக் கட்டிக் கொண்டுவந்ததாகச் சைடு டிரம் சொன்னார். அப்படி வந்ததில் ஒன்று சின்னம்மா வீட்டுக்கு வந்திருக்கலாம். காலியான பாட்டிலை யாரும் அந்தக் காலத்தில் தூக்கி எறிய மாட்டார்கள். கழுத்தில் சணல் கட்டி, ரேஷன் கடை மண்ணெண்ணெய் வாங்கப் பீர் பாட்டிலோடு நின்ற வரிசைகளை நானே பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் அடுப்படியில் அந்தக் கழுகு அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அல்லது கணவர் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்து, அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு குடித்தும் இருக்கலாம். அந்த வயதில் இருவருக்குள்ளும் அப்படி ஓர் இரவு இருந்திருக்கக் கூடாது என்று யார் சொன்னது?

எனக்கு நினைவு தெரிந்து அந்த பேண்டு செட்டின் ஒத்திகை செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையடிவாரத்தில்தான் நடக்கும். நாங்கள் பிள்ளைகள் பாறை மேல் ஏறி உட்கார்ந்து கேட்போம். செஞ்சி மலைகள் மற்ற மலைகள் மாதிரி இல்லை. யாரோ குவித்துவைத்த உருண்டைக் கற்கள். டிரம்பெட் சத்தம் அவற்றில் மோதி அரை நொடி பிந்தித் திரும்பி வரும். சைடு டிரம்காரர் திரும்பி வருகிற சத்தத்தோடு சேர்ந்துகொள்ள, தாளம் குலையும்; மாஸ்டர் கத்துவார். எங்களுக்கு அந்தக் குலைகிற இடம்தான் பிடிக்கும். ஒரே பாட்டை மலையும் ஒரு தரம் வாசிக்கிறது என்று நம்பினோம். சின்னம்மா புதுப்பெண்ணாக, இடுப்பில் குடத்தோடு, சற்றுத் தள்ளி நின்று கேட்டுவிட்டுப் போவார். கிட்டே வர மாட்டார். பெண்கள் யாருமே வர மாட்டார்கள்.

இந்த பேண்டு வாத்தியங்கள் பட்டாளத்தோடு இங்கே வந்தவை. முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் என்று எப்போதோ படித்தது நினைவிருக்கிறது. நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டுகூட அதில் ஒன்றாகிவிட்டது. எந்தப் புத்தகம் என்பது மறந்துபோனாலும் படித்தபோது தோன்றிய வியப்பு மறக்கவில்லை. அந்த அணிவகுப்பில் அவருக்கு இடமில்லை. அந்த விருந்தில் அவர் உட்கார்ந்ததில்லை. வெளியே நின்று கேட்டார், கேட்டதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

சின்னம்மாவும் அதைத்தான் செய்தாரோ என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூவரின் ஞாபகத்தில் அவருக்கு இடமில்லை. கடற்கரை, காசு, குளிர்ந்த பாட்டில், உதட்டில் ஒத்திக்கொண்ட நண்பன்; இதில் எங்கேயும் அவர் இல்லை. ஒரே ஒரு திருத்தத்தால் உள்ளே வந்து, அந்த இரவுகள் எனக்கும் உரியவை, உங்களைவிடச் சரியாக எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படி நினைத்தபோது மனது கொஞ்சம் ஆறியது. ஆனால் ஆறுதல் தருகிறது என்பதற்காக ஒரு விளக்கத்தை நம்பிவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தீட்சிதர் விரும்பிக் கேட்டார். வேண்டாமென்றால் காதைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். சின்னம்மாவுக்கு அப்படிப் போக இடம் இருந்ததா?

எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் குடியைப் பற்றி இலகுவாகப் பேசவே முடியாமல் போய்விட்டது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால், அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். செய்திகளில் வாசல்தோறும் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தபோதெல்லாம் எனக்குச் சின்னம்மா முகம்தான் வந்தது. அந்தப் பெண்களும் ஒரு நாள், முப்பது வருடம் கழித்து, செத்துப்போன கணவனின் சந்தோஷமான மாலை ஒன்றைப் பற்றிப் பிறர் பேசும்போது, பிழை திருத்துவார்களா? திருத்தினால் அது ஆறிப்போனதன் அடையாளமா, ஆறவே ஆறாததன் அடையாளமா?

அந்த மூவரின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடிய விடிய நடந்து வாசித்தவர்கள். வாசித்த பாட்டுகளில் ஒன்றைக்கூட அன்றைக்கு அவர்கள் பேசவில்லை. முதலில் எனக்கு அது வருத்தமாக இருந்தது. பிறகு, பாட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு, பீர்தான் தங்களுக்கு என்று அவர்கள் வைத்திருப்பது புரிந்தது. பஸ் கிடைக்கும் வரை பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் படுத்திருப்பார்களாம். சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை. "நம்மூர்க் கல்லுதான்னு மாஸ்டர் சொல்லுவாரு, சாஞ்சிக்குவோம்" என்றார் பெரிய டிரம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோட்டையை நினைவு வைக்க இனி உலகமே இருக்கிறது. ஊர் எல்லைக்கு அப்பால் அந்தத் தூண்களில் சாய்ந்து கிடந்த கூலிக்காரர்களின் ஒரு மணி நேர நிம்மதியை நினைவு வைக்க இவர்கள் மூவரை விட்டால் யாரும் இல்லை. அதையும் பேசக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த நிம்மதிக்கான விலையை வேறொருவர் கட்டியிருக்கிறார், பல வருடம் தவணை தவணையாக. அவர் காதுபட அதைப் பேசலாமா? பேசக் கூடாது என்றுதான் எனக்கு உடனே தோன்றியது. அந்த நினைப்பைக் குலைத்தது அவருடைய வாக்கியம்தான். அவர் சும்மா போயிருந்தால் என் தீர்ப்பு நிலைத்திருக்கும். அழுதிருந்தால் இன்னும் உறுதியாகியிருக்கும். கழுகு என்று சொன்னதால் எதையும் நிறுத்திவைக்க முடியவில்லை. அந்தக் குரலை எத்தனையோ தரம் மனதுக்குள் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் அதில் பெருமை கேட்கிறது, இன்னொரு நாள் கசப்பு. சில நாள் வெறும் அடுப்படிக் கவனம், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்வதுபோல.

நேராகக் கேட்டுவிடலாம். சின்னம்மா நன்றாகத்தான் இருக்கிறார். பண்டிகை நாட்களில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கேட்க வாய் எடுக்கும்போது ஒரு யோசனை தடுக்கிறது. நான் கேட்டால் அவர் அந்தப் பாட்டிலை நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு பக்கம் வைத்தாக வேண்டிவரும். இத்தனை வருடம் அப்படி வைக்காமலேயே வாழ்ந்திருக்கிறார் என்றால், வைக்கச் சொல்ல நான் யார்? அதே சமயம், இதுவரை யாருமே அவரைக் கேட்டதில்லையே என்றும் தோன்றுகிறது. ஒருவேளை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் அன்றைக்கு அவர் வாயைத் திறந்தாரோ என்னவோ. பொங்கலுக்குப் போகிறேன். கேட்பேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.