முட்டுக் கொடுக்கும் தர்மம்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, மரத்தூணும் நாட்டு ஓடுமாக நிற்கும் பழைய வீடுகள் இன்னும் சில உண்டு. அவற்றில் தூண் மாற்றுகிற வேலை அலாதியானது. மேலே மழைநீர் ஒழுகி, கீழே கரையான் ஏறி, தூணின் அடி உளுத்துப்போகும். வீட்டைப் பிரிக்காமல் அதை மட்டும் எடுக்க வேண்டும்.

தச்சர் முதலில் தூணைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் கெட்டியான தரையில் பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைக்கிறார். லாரிக்குச் சக்கரம் மாற்றுகிற அதே ஜாக்கிதான். அதற்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு முட்டுக்கட்டை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பொறுத்துப் பொறுத்து ஏற்றுகிறார். அவசரப்பட்டால் சுவர் வெடிக்கும், ஓடு சரியும், சாய்ந்தே பழகிவிட்ட இணைப்புகள் விட்டுப்போகும். தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார். பாரம் கைமாறிவிட்டது. இனித் தூணை எடுக்கலாம். அடி மட்டும் உளுத்திருந்தால் அதை அறுத்தெறிந்துவிட்டுப் புது மரத்தை ஒட்டுப் போடலாம்.

இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது பழைய வீடுதானா என்று தத்துவம் படித்தவர்கள் கேட்பார்கள். கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலைப் பற்றி இதையே கேட்டார்கள். நாகசேன பிக்ஷு மிலிந்த அரசனிடம், சக்கரமா ரதம், அச்சா ரதம் என்று கேட்டார். நல்ல கேள்விகள்தாம். ஆனால் அந்தக் கூரையின் கீழ் படுத்துறங்குகிறவனுக்கு அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. தூணை எடுக்கும்போது பாரத்தை யார் சுமப்பது?

கூட்டுக் குடும்பம் உளுத்துவிட்டது என்று கதை எழுதுகிற நாங்கள் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். எழுதியது நிஜம். ஆனால் அந்தத் தூணின்மேல் ஒரு விதவை அத்தையும், சம்பாதிக்கத் தெரியாத ஒரு சித்தப்பாவும் பாரமாக இருந்தார்கள். தூணைத் தட்டிவிட்டவர்களில் எத்தனை பேர் அவர்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள்?

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வருகிறது. இந்த வாதத்தில் ஒரு சூது ஒளிந்திருக்கிறது. "முதலில் முட்டு, அப்புறம் மாற்றம்" என்று சொல்லியே தலைமுறைகளைக் கடத்திவிடலாம். வீட்டுக்குள் இருக்கிறவனுக்குப் பொறுமை சுலபம். மழையில் வாசலில் நிறுத்தப்பட்டவனிடம் ஜாக்கி வரட்டும் என்று எப்படிச் சொல்வது?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், ராஜாஜி 1878-இல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அவர் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1939-இல், ஜூலை 8-ஆம் தேதி, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள், அதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களில் சிலரை வைத்தியநாதய்யர் அழைத்துச் சென்றார். பொறுப்பானவர்களை வழக்குகளிலிருந்து காக்கும் அவசரச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. தூணைத் தட்டிய பிறகு ஜாக்கி வந்த கதை இது. கோபுரம் சாயவில்லை. ஏன்? கோயிலின் பாரம் அந்தத் தூணின்மேல் என்றைக்குமே இருந்ததில்லை.

தச்சருக்கு இதுவும் தெரியும். அடி முழுக்க உளுத்துத் தரையைத் தொடாமல் தொங்குகிற தூண்களை அவர் பார்த்திருக்கிறார். அவைதாம் கூரையைத் தாங்குகின்றன என்று வீட்டார் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஆகையால் அவர் தட்டிப் பார்க்கிறார். அடியைக் குனிந்து பார்க்கிறார். அதன்பிறகே தீர்மானிக்கிறார்.

நமக்கும் வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பழைய வழக்கத்தின்மேல் உண்மையாகவே சில உயிர்கள் சாய்ந்திருந்தால், அவர்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அதில் கைவைப்பது தர்மம். வெறும் பயம் மட்டுமே சாய்ந்திருந்தால், காத்திருப்பது அதர்மம். எது எதுவென்று அறிய, தூரத்தில் நின்று வாதாடினால் போதாது. குனிந்து பார்க்க வேண்டும்.