உடலை விட்டு வந்த குருதி

சிரையிலிருந்து எடுத்த ரத்தம் சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். அது உறையாதிருக்கவே பரிசோதனைக் குழாயில் இ.டி.டி.ஏ. அல்லது ஹெப்பாரின் சேர்க்கிறார்கள். மாதிரி குளிர்ப்பெட்டியில் பயணிக்கிறது. ஆண்டுக்கணக்கில் வைக்க வேண்டுமானால் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் குளிரில் உறைய வைக்கப்படுகிறது. எடுத்தது எடுத்தபடியே கெடாமல் இருக்க வேண்டும் என்பதே இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம். கொடுத்தவர் இறந்த பின்னும் அவர் குருதி அப்படியே இருக்கலாமா என்ற கேள்வியும் இங்கிருந்தே பிறக்கிறது.

உடலை விட்டுப் பிரிந்தது வெறும் பொருள் என்பது ஒரு பார்வை. ஜான் மூர் என்ற நோயாளியின் மண்ணீரல் செல்களைக் கொண்டு, அவர் அறியாமல், அவருடைய மருத்துவர் உள்ளிட்டோர் காப்புரிமை பெற்றனர். அகற்றப்பட்ட செல்கள்மீது அவருக்குச் சொத்துரிமை இல்லை என்று 1990-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஆய்வில் தமக்குள்ள ஆதாயத்தை மருத்துவர் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்றும் அது கூறியது. உடைமை இல்லை என்றாலும் உறவு அறுந்துவிடவில்லை.

அந்த உறவின் ஆழத்தை அமேசான் காட்டின் யனோமாமி மக்களிடம் காணலாம். பிரேசில், வெனிசுவேலா எல்லையில் வாழும் இவர்கள் இறந்தவரை எரிப்பார்கள். எலும்பைப் பொடித்து வாழைக்கூழில் கலந்து உறவினர் உண்பார்கள். இறந்தவரின் உடைமைகளையும் அழிப்பார்கள். பெயரை உச்சரிக்கவும் தயங்குவார்கள். எதுவும் மிஞ்சாதபோதுதான் இறந்தவர் முழுமையாக விடைபெறுகிறார். இருப்பவர்களின் துயரமும் தணிகிறது.

1960-களின் பிற்பகுதியில் மிச்சிகன் பல்கலைக்கழக மரபியலாளர் ஜேம்ஸ் நீல் தலைமையிலான குழு, கத்தி, கோடரி, பாத்திரங்களைக் கொடுத்து இவர்களிடம் ரத்தம் சேகரித்தது. கொடுத்தவர்களில் பலர் இறந்தனர். அவர்கள் ரத்தமோ அமெரிக்க ஆய்வகங்களில் உறைந்து கிடந்தது. எலும்பைக்கூட விட்டுவைக்காத மக்களுக்கு இது முடியாத சாவு. ரத்தம் எடுக்கப்பட்டபோது சிறுவனாக இருந்த டாவி கொபெனாவா, பின்னாளில் ஷாமன் என்னும் சடங்கு மருத்துவராகவும் தம் மக்களின் குரலாகவும் வளர்ந்து, அதைத் திருப்பித் தரும்படி பல ஆண்டுகள் போராடினார். 2015-இல் 2,693 குப்பிகள் திரும்பிவந்தன. ஷாமன்கள் சடங்கு செய்ய, அந்த ரத்தம் காட்டு மண்ணில் புதைக்கப்பட்டது.

அரிசோனாவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுபாய் மக்களின் குறை வேறு. நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி 1990 முதல் அவர்கள் கொடுத்த ரத்தம், மனச்சிதைவு, முன்னோர் இடப்பெயர்ச்சி ஆகிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. தாம் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களின் சமய நம்பிக்கை. வேறு நிலத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்ல அவர்கள் குருதியையே ஆய்வாளர்கள் சாட்சியாக்கினார்கள். 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டில் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு மாதிரிகளும் திரும்பின.

இவ்விரு மக்களும் அறிவியலை மறுத்தவர்கள் அல்லர். இருவருமே கை நீட்டி ரத்தம் கொடுத்தவர்கள். ஒரு செயலுக்குத் தந்த ஒப்புதல் எல்லாச் செயலுக்கும், எல்லாக் காலத்துக்கும் தந்ததாகாது என்பதே அவர்கள் சொன்னது. எதற்காக எடுக்கிறோம் என்பதோடு, எத்தனை காலம் வைத்திருப்போம், கடைசியில் என்ன செய்வோம் என்பதையும் ஊசி குத்துமுன் சொல்வதே அறம். குருதியைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு அதை விடுவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.