அறியாமல் கொடுத்த வாக்கு

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் குடியேறியுள்ள நம் பங்குக் குடும்பம் ஒன்றிலிருந்து அண்மையில் நமக்கு ஒரு மடல் வந்தது. அங்குள்ள விலங்குகள் காப்பகம் ஒன்றிலிருந்து அவர்கள் ஒரு நாயைத் தத்தெடுத்திருக்கிறார்கள். மருத்துவர் சொன்னபடி மாதந்தோறும் தடுப்பு மாத்திரையும் கொடுத்துவந்தார்கள். அரையாண்டுக்குள் அது வீட்டில் ஓர் ஆளாகவே ஆகிவிட்டது. பிறகு மீண்டும் இரத்தச் சோதனை செய்தபோதுதான் அதற்கு இதயப்புழு நோய் இருப்பது தெரியவந்தது. "நலமான நாய் என்றுதானே கொண்டுவந்தோம்? மருத்துவத்திற்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகுமாம். இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பாவமா, சாமி?" என்று குடும்பத் தலைவி கேட்டிருந்தார்.

நாயைப் பற்றிய கேள்விதானே என்று நாம் அதனைத் தள்ளிவிடலாகாது. அறியாமல் கொடுத்த வாக்கு, அறிந்தபின்னும் நம்மைக் கட்டுமா என்பதே அதனுள் இருக்கும் கேள்வி.

முதலில் நோயின் இயல்பை அறிந்துகொள்வோம். நம் நாட்டில் யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்கு இது உறவினம். இதையும் கொசுவே பரப்புகிறது. நாயிடமிருந்து நாய்க்கு நேராகத் தொற்றுவதில்லை. கொசு விட்டுச்செல்லும் இளம்புழு உடலுக்குள் முதிர ஆறேழு மாதங்கள் ஆகின்றன. முதிர்ந்த பெண்புழு ஏறக்குறைய 30 செ.மீ. நீளம் வரை வளரும். நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயிர்வாழும். வழக்கமான இரத்தச் சோதனை முதிர்ந்த பெண்புழுவையே காட்டிக்கொடுப்பதால், தொற்றிய முதல் சில மாதங்களில் அது நோயில்லை என்றே கூறும். தடுப்பு மாத்திரையோ புதிதாக நுழைந்த இளம்புழுவை அழிக்குமேயன்றி, முன்னரே வளரத் தொடங்கிவிட்டதை அழிக்காது.

ஆகவே காப்பகத்தார் பொய் சொல்லவில்லை. குடும்பத்தார் கவனக் குறைவாயும் இருக்கவில்லை. துன்பம் வரும்போது யாரையேனும் குற்றவாளியாக்கிவிட்டால் நம் நெஞ்சம் சற்று இலேசாகும். இங்கே அந்த ஆறுதலுக்கும் வழியில்லை.

விலைக்கு வாங்கிய பொருளில் பழுதிருந்தால் திருப்பிக் கொடுப்பது நியாயம். ஆனால் தத்தெடுத்தல் வாங்குதல் அன்று. தெருவில் அலைந்த நாள்களையும் கடித்த கொசுக்களையும், நமக்குத் தெரியாத அதன் கடந்த காலம் முழுவதையும் சேர்த்தே நாம் ஏற்கிறோம். அது மட்டுமன்று. அந்த நாய் நம்மிடம் எதையும் கேட்டு வரவில்லை. அழைத்தால் வரவும், வாசலில் காத்திருக்கவும், நம் கையிலிருந்து உண்ணவும் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. முதல் நாள் கொடுத்த வாக்கைவிட, அரையாண்டாக நாம் வளர்த்துவிட்ட நம்பிக்கையே நம்மைக் கடமைப்படுத்துகிறது. திரும்பிச் சென்றால் நோயுள்ள நாயை ஏற்பவர் அரியர். இடமின்மையால் விலங்குகளின் உயிரைப் போக்கிவிடும் காப்பகங்களும் அந்நாட்டில் உண்டு.

அறிந்தே ஏற்றவர்களும் உண்டு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, மீட்பு வண்டிகளிலும் முகாம்களிலும் இடம் கிடைக்காமல் பலர் தம் நாய்களை விட்டுச்செல்ல நேர்ந்தது. பிரிய மனமின்றி வெள்ளத்தின் நடுவிலேயே தங்கிவிட்டோரும் உளர். அவ்வாண்டுப் புயல்களில் மீட்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட நாய்களுள் ஏறத்தாழப் பாதியில் இதயப்புழு காணப்பட்டது. ஆயினும் தொலைவான மாநிலங்களில் இருந்தோரும் அத்தகைய நாய்களை ஏற்று வளர்த்தனர். பேரிடர்க் காலத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006-இல் அமெரிக்காவில் சட்டமும் இயற்றப்பட்டது.

"மனிதர் பசித்திருக்க நாய்க்கு ஆயிரம் டாலரா?" என்று ஒருவர் கேட்கலாம். அது நேர்மையான கேள்வி. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் விலங்குகளுக்கு இரக்கம் காட்டும் கடமையை வலியுறுத்துகிறது. உடனடுத்து, மனிதத் துயர் துடைக்கவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் எச்சரிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. அந்தப் பணம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது? திருப்பிக் கொடுத்து மிச்சமாகும் பணம் உண்மையிலேயே ஓர் ஏழையைச் சென்றடையுமா? விடுமுறைப் பயணத்திற்கோ புதிய தொலைக்காட்சிக்கோதான் அது போகுமென்றால், நம் வசதிக்காக ஏழையின் பெயரை இரவல் வாங்கியவர்களாவோம்.

பிள்ளையின் கல்விக் கட்டணமோ, பெற்றோரின் மருந்துச் செலவோ தடைப்படுமென்றால் நிலைமை வேறு. அப்போது நோயை மறைக்காமல் சொல்லி, காப்பகத்தின் உதவியைக் கேட்பதும், பேண வல்லவர் ஒருவரைத் தேடி ஒப்படைப்பதும் பாவமாகா. இயலாமையை ஒப்புக்கொள்வது வேறு, கைகழுவுவது வேறு.

மருத்துவமும் நமக்கொரு பாடம் சொல்கிறது. ஆர்சனிக் சேர்ந்த மருந்தொன்றை முதுகுத் தசையில் மூன்று முறை ஊசிவழி செலுத்துவர்: முதலில் ஒன்று, ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாள்களில் இரண்டு. மடியும் புழுக்கள் துண்டு துண்டாகி நுரையீரலின் இரத்தக் குழாய்களை அடைக்கக்கூடும். அந்நாள்களில் நாய் துள்ளி ஓடினால் உயிருக்கே ஆபத்து. எனவே சில மாதங்கள் அதனைக் கூண்டிலோ சிறு அறையிலோ அமைதியாக வைத்திருக்க வேண்டும். ஓடப் பிறந்த உயிரை ஓடாமல் தடுப்பதே இங்கு அன்பாகிறது. ஏன் தடுக்கிறோம் என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க இயலாது. அருகில் இருக்க மட்டுமே இயலும். மொழி தவறிய முதியோருக்கும், நினைவிழந்த நோயாளருக்கும் பணிவிடை செய்தவர்கள் இதனை நன்கு அறிவர்.

இவற்றையெல்லாம் அச்சகோதரிக்கு எழுதி, முடிவை அவர்கள் மனச்சான்றுக்கே விட்டோம். சென்ற வாரம் மறுமொழி வந்தது. முதல் ஊசி போட்டாகிவிட்டதாம். மூத்த மகன் பள்ளிவிட்டு வந்ததும் கூண்டருகே பாய் விரித்து, அங்கேயே அமர்ந்து பாடம் படிக்கிறானாம். அவன் அருகில் இருந்தால் நாய் முனகாமல் படுத்திருக்கிறதாம். திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அம்மடலில் ஒரு சொல்லும் இல்லை.