மருந்து மாதிரியும் இறையிலி நிலமும்

மருந்துக் கம்பெனி ரெப் டாக்டர் மேசையில் வைத்துவிட்டுப் போகிற இலவச மாத்திரை அட்டை தானமா, கூலியா? வருமான வரித்துறை இதற்குத் தன் பாணியில் பதில் சொல்லியிருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த 194ஆர் பிரிவின்படி, தொழில் வழியாக ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளோ சலுகையோ கொடுப்பவர் 10 சதவீத வரி பிடிக்க வேண்டும். மருத்துவர்களுக்குத் தரும் மாதிரிகளும் இதில் அடக்கம் என்று நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கை பெயர் சொல்லியே எழுதியது. தொழிலாக நடத்தப்படாத அரசு மருத்துவமனைக்குக் கொடுத்தால் பிடித்தம் இல்லை. ஆக, ஒரே அட்டை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் ஒரு கணக்கு, ஊருக்குள் இருக்கும் தனியார் கிளினிக்குக்குப் போனால் இன்னொரு கணக்கு. கொடுத்தவர் மனசு இரண்டிலும் ஒன்றுதான். இருந்தும் இந்தப் பாகுபாடு சரி என்றே நினைக்கிறேன். கொடையா இல்லையா என்பதை அது போய்ச் சேரும் இடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சோழநாட்டுக்கு இந்த யோசனை பழசு. இறையிலியாக விட்ட நிலத்துக்கு வரி நீங்கியதோடு, விளைச்சல் எந்தக் காரியத்துக்கு என்பதும் கல்லில் ஏறியது. தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்ற மருத்துவமனைக்கு ராஜராஜனின் அக்கா குந்தவை நிலம் அளித்தாள். காவிரி டெல்டாவுக்கு வெளியே, சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் துல்லியம்: 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையில் வைத்தியருக்கு உரிய நெல்லும் காசும் தனியாக, இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் தனியாக. வைத்தியரின் ஊதியமும் நோயாளியின் மருந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. இன்றைய மாதிரி அட்டை இரண்டையும் கலக்கிறது, சிக்கலே அதுதான்.

கையில் காசில்லாத நடவுக்கூலிக்கு டாக்டர் எடுத்துக் கொடுக்கும் பத்து மாத்திரை பெரிய உதவியாயிற்றே, அதற்குமா நிபந்தனை என்று கேட்கலாம். காய்ச்சலுக்கு என்றால் சரி. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். முதல் அட்டை இலவசம், மறுமாதம் அதே பிராண்டை மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மருந்து வேறு பெயரில் இலவசமாகக் கிடைத்தாலும் கை அதற்கு நீள்வதில்லை. டாக்டர்களுக்குத் தந்த தங்கக் காசு, டிவி, பிரிட்ஜ் செலவை வருமானத்தில் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் அபெக்ஸ் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அந்தச் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறுவதையும் சுட்டியது. மருந்துக் கம்பெனிகளுக்கான 2024 விற்பனை நெறிமுறை ஒரு டாக்டருக்கு ஒரு மருந்தில் ஆண்டுக்கு 12 மாதிரிப் பொட்டலம் என்று வரம்பு கட்டியதும் இந்தக் கவலையால்தான்.

இன்னொரு ஆட்சேபத்துக்குத்தான் எனக்குச் சுலபமாகப் பதில் இல்லை. கிளினிக் டாக்டர் ஒருவர் வந்ததையெல்லாம் ஏழைகளுக்கே கொடுத்துவிட்டாலும் பிடித்தம் அவர் பெயரில்தான் விழுகிறது. கல்வெட்டு முறைப்படி பார்த்தால் இது தவறு. எந்த மாதிரி, எந்தத் தேதியில், எந்த நோயாளிக்குப் போனது என்று பதிவேடு வைத்திருப்பவரிடம் வரி பிடிக்கக் கூடாது. பதிவேடு இல்லாதவரிடம் 20,000 வரம்புகூட வேண்டியதில்லை.