ஆள் வருது

நியூயார்க்கின் பிரயன்ட் பார்க்கில் அப்போதெல்லாம் கோடைகாலத் திங்கட்கிழமைகளில் இலவசமாகப் படம் போடுவார்கள். பொது நூலகத்தின் பின்பக்கம், 40ஆம் தெருவுக்கும் 42ஆம் தெருவுக்கும் நடுவில், உயரமான கட்டடங்கள் சூழ்ந்த ஒரு புல்வெளி. படம் இருட்டிய பிறகுதான். ஆனால் புல்வெளியை மாலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள். அதற்கு முன்பே விளிம்பு முழுக்க ஆட்கள், கையில் சுருட்டிய போர்வையோடு, ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பதுபோல நிற்பார்கள். திறந்ததும் ஒரே ஓட்டம். டை கட்டியவர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் பச்சை மறைந்து துணிகள் மட்டும் தெரியும்.

ஆன்சைட் போயிருந்த வருஷம் நானும் ஓடினேன். டீமில் ஆறு பேர் படத்துக்குப் போவதாகத் திட்டம். அன்று எனக்கு மட்டும் வேலை சீக்கிரம் முடிந்தது. "மச்சான், நீ முன்னாடி போய் இடம் போட்டு வை" என்று சொல்லிவிட்டார்கள். புல்வெளியில் நாற்காலி கூடாது, பிளாஸ்டிக் விரிப்பும் கூடாது, துணி விரிக்கலாம். என்னிடம் இருந்தது அம்மா பெட்டியில் திணித்து அனுப்பிய பவானி ஜமக்காளம். ஒரு கல்யாண வீட்டில் விரித்தால் பத்து பேர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடலாம், அவ்வளவு பெரிசு. அதை முழுசாக விரித்து, நான்கு மூலையிலும் என் பை, செருப்பு, தண்ணி பாட்டில், சிப்ஸ் பாக்கெட் என்று வைத்து நடுவில் உட்கார்ந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஆறரை மணி இருக்கும். ஒரு பெண் வந்தார். ஏதோ கடையின் சீருடை, கழுத்தில் இன்னும் கழற்றாத அடையாள அட்டை. ஆறேழு வயதுப் பையன் ஒருவன் அவர் கையைப் பிடித்திருந்தான். "இங்கே யாராவது உட்கார்கிறார்களா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "ஆமாம், அஞ்சு பேர் வந்துகிட்டிருக்காங்க" என்றேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, போர்வைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி, சரளைக்கல் பாதைப் பக்கம் போனார். அங்கே நாற்காலிகள் உண்டு, ஆனால் அவையும் அப்போது நிறைந்திருந்தன. மரத்தடியில் போய் நின்றார்கள்.

இதுவரை நான் சொன்னது உண்மைதான். 7.40க்கு வாட்ஸப்பில் செய்தி வந்தது. ப்ரொடக்‌ஷனில் ஏதோ விழுந்துவிட்டது, ஐந்து பேரும் வரவில்லை, நீ பார்த்துட்டு வா.

நான் எழுந்து போய் அவர்களைக் கூப்பிடவில்லை. மரத்தடி நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. இப்போது கூப்பிட்டால், அப்போது சொன்னது பொய் என்று நினைத்துக்கொள்வாரோ என்று முதலில் ஒரு கூச்சம். பிறகு, இந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போனால் ஜமக்காளத்தை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு யோசனை. அதற்கும் பிறகு காலை நீட்டிக்கொண்டேன். அந்த நாட்களில் இந்தத் திரையிடலை எச்.பி.ஓ. நடத்தியது. படத்துக்கு முன்னால் அவர்களுடைய அறிமுக இசை வரும், மொத்தப் புல்வெளியும் எழுந்து கையை ஆட்டி ஆடும். அது ஒரு சடங்கு. அன்றும் ஆடினார்கள். ஆடி முடித்து எல்லாரும் உட்கார்ந்தபோது, அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தார். பையனைத் தோளில் தூக்கியிருந்தார்.

படம் எனக்கு நினைவில்லை.

பொது இடத்தில் நான் பிடித்த இடம் எந்த அளவுக்கு என்னுடையது? இந்தக் கேள்வியை யாராவது முன்பே கேட்டிருப்பார்கள் என்று தேடியபோது, கிட்டத்தட்ட இதே காட்சியே கிடைத்தது. கி.மு. 45இல் சிசரோ எழுதிய ஓர் உரையாடல் நூலில் கேட்டோ பேசுகிறார். அவர் வழிமொழிவது அதற்கும் நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் முந்தைய ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸின் வழி வந்த ஒரு வாதம். நாடக அரங்கம் எல்லாருக்கும் பொது. ஆனாலும் அதில் ஒருவர் போய் உட்கார்ந்த இடத்தை அவருடைய இடம் என்று சொல்வதில் தப்பில்லை. அதேபோல உலகம் பொதுவாக இருந்தாலும் அவரவருக்குச் சொந்தம் என்று ஒன்று இருப்பது நீதிக்கு விரோதமில்லை.

படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் போய் உட்கார்ந்தவன்தானே? மூன்று மணிக்கே கிளம்பி, வெயிலில் நின்று, ஓடிப் பிடித்தவன். இன்னொரு தடவை படித்தபோதுதான் உறைத்தது. கிரிசிப்பஸின் அரங்கில் உட்கார்ந்திருப்பது ஓர் ஆள். என் ஜமக்காளத்தில் ஆறில் ஐந்து பங்கில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வராத ஆளின் பெயரில் ஒரு துணி உட்கார்ந்திருந்தது.

சரி, அந்த உழைப்புக்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் திங்கட்கிழமை 5 மணிக்கு மிட்டவுனில் யாரால் நிற்க முடியும்? ஷிப்ட் முடிந்து 6 மணிக்கு வெளியே வருகிறவரால் முடியாது. டிக்கெட் இல்லாத இடத்தில் நேரம்தான் டிக்கெட். நேரத்தையும் பணம் கொடுத்து வாங்கலாம் என்பதற்கு அதே ஊரில் ஓர் உதாரணம் உண்டு. சென்ட்ரல் பார்க்கில் கோடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் இலவசமாக நடக்கும். அந்த டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கச் சிலர் கூலிக்கு ஆள் வைத்தார்கள். 125 டாலர் வரை கூலி கேட்கப்பட்டதாக மைக்கேல் சாண்டல் எழுதியிருக்கிறார். இதைப் படித்து முகம் சுளித்தேன். பிறகு யோசித்தால், அந்தத் திங்கட்கிழமை என் ஐந்து நண்பர்களுக்கு நான் செய்ததும் அதே வேலைதான். கூலி மட்டும் வாங்கவில்லை.

சிசரோவுக்கு நானூறு வருடம் கழித்து, இன்றைய துருக்கியில் இருக்கும் செசரியாவின் ஆயர் பாசில் ஒரு பிரசங்கத்தில் அதே அரங்கத்தை உவமையாக எடுக்கிறார், ஆனால் திருப்பிப் போடுகிறார். அரங்கத்தில் முதலில் போய் உட்கார்ந்துகொண்டு, பின்னால் வருகிறவர்களை உள்ளே விடாமல் தடுத்து, பொதுவானதைத் தன்னுடையது என்கிறவனைப் போன்றவர்கள் பணக்காரர்கள் என்கிறார். உவமை ஒன்றே. அங்கே இடம் பிடித்தவன் நியாயவான், இங்கே அவனே திருடன். ரொம்ப நாள் இவர்கள் இருவரும் முரண்படுகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது தோன்றுவது வேறு. என் விஷயத்தில் இருவரும் ஒரே மாலையின் இரண்டு நேரங்களைப் பார்க்கிறார்கள். 7.40 வரை நான் கிரிசிப்பஸின் ஆள் என்று சண்டையாவது போடலாம். 7.40க்குப் பிறகு பாசிலின் ஆள். இரண்டுக்கும் நடுவில் நான் ஒன்றுமே செய்யவில்லை, காலை நீட்டியதைத் தவிர.

என் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு ப்ராசஸ் எதையாவது தனக்கென்று லாக் செய்தால், அதற்குக் கெடு வைக்க வேண்டும். லாக் எடுத்தவன் பாதியில் செத்துவிட்டால் வெளியே நிற்பவர்கள் காலத்துக்கும் நிற்கக் கூடாது அல்லவா. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் திரை கட்டிப் படம் போடும்போதும் அந்தக் கெடு இருந்தது. பையன்கள் மத்தியானமே சாக்கை விரித்து மேலே கல் வைத்துவிட்டு வருவோம். பஸ் ஜன்னல் வழியே துண்டு போடுவது மாதிரிதான். ஆனால் டைட்டில் ஓடும் வரைக்கும்தான் அதற்கு மரியாதை. அதன்பிறகும் சாக்கு காலியாகக் கிடந்தால் யாராவது ஒரு கிழவி, "தள்ளிப் போடுடா அந்தண்ட" என்று காலாலேயே ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். எவனும் எதிர்த்துப் பேச மாட்டான்.

இதை எழுதும்போதே ஒரு சந்தோஷம் வருகிறது, அதனால் மீதியையும் எழுத வேண்டும். திரைக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். காற்றாட அங்கே உட்கார்கிறார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று கேட்கிற வயது வந்தபோது ஊரில் திரை கட்டுவது நின்றுபோயிருந்தது. கிழவி காலால் ஒதுக்கிய சாக்கெல்லாம் இந்தப் பக்கத்துச் சாக்குதான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி பிரயன்ட் பார்க் போனேன். ஜமக்காளத்தை எடுக்கவில்லை, ஒற்றைப் போர்வை. பக்கத்தில் தனியாக வந்த ஒரு பையன், காலேஜ் வயது, "சாப்பாடு வாங்கிட்டு வரேன், கொஞ்சம் பார்த்துக்குவீங்களா?" என்று தன் விரிப்பைக் காட்டிக் கேட்டான். தலையாட்டினேன். பத்து நிமிஷம் ஆச்சு, அரை மணி ஆச்சு, ஆளைக் காணோம். வயதான தம்பதி ஒன்று வந்து, அந்தப் பெண் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். எனக்கு உடம்பே அதிர்ந்தது. "உட்காருங்க, அவர் வந்தா நகர்ந்துக்கலாம்" என்றேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

இருட்டுகிற நேரத்தில் பையன் வந்தான், கையில் இரண்டு பெட்டி, கூட ஒரு பெண். தம்பதியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "உங்களைப் பார்த்துக்கச் சொன்னேனே" என்றான். கத்தவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் தாராளமாகக் கொடுத்தது அவனுடைய இடத்தை. அதுவும் மூன்று வாரத்துக்கு முன்னால் வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்ததை. பெரியவர் எழுந்திருக்க முயன்றார். நான் என் போர்வையின் ஓரத்துக்கு நகர்ந்தேன், அவர் மனைவி என் பக்கம் வந்தார், பையனும் அந்தப் பெண்ணும் மீதியில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். படம் முடியும் வரை அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் ஃப்ரைஸ் பெட்டியை எல்லாருக்கும் நீட்டிக்கொண்டே இருந்தாள்.